சாந்தாமணியின் முன்பதிவு

1

இந்தக் கதை ஒரு கேள்வி-பதில் பக்கத்திலிருந்து பிறந்தது. பெருமைப்படும்படியான பிறப்பு இல்லை என்றாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குன்னூர் பெட்போர்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு லாட்ஜுகளுக்கு அறிவிப்புப் பலகை, தேயிலைத் தூள் பாக்கெட்டுக்குப் பின்பக்க வாசகம், கல்யாண மண்டபத்துக்கு விதிமுறை என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. (பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் அது கரடிச்சோலை எஸ்டேட்டாக இருந்தது என்பது மட்டும் போதும்.) அவர்களுடைய இணையப் பக்கத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். சவாரிகளுக்கு எத்தனை நாள் முன்பு இடம் பிடிக்கலாம்? முப்பது நாள் முன்பு, காலை பத்து மணிக்குப் பதிவு திறக்கும். உள்ளே நுழைய வாங்கும் சீட்டிலேயே எல்லாச் சவாரியும் போகலாமா? போக முடியாது, மலை ரயிலுக்குத் தனியாக நேரம் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். வந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாமா? மே மாதத்தில் அப்படி நம்பி வர வேண்டாம்.

இந்த மாதிரி.

ஜனங்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள முன்பதிவுக் கவுன்ட்டரில் இருக்கும் சுஜாதாவிடம் பேசினேன். இருபத்து நாலு வயதுப் பெண். மழை வந்தால் என்ன செய்வது, கைக்குழந்தைக்கும் சீட்டு உண்டா என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஒரு அம்மா போன்ல கேட்டாங்க சார். 'ஏனுங்க, என்ற புள்ளயப் பொதைச்ச எடத்துக்குப் போறதுக்கு எந்த டிக்கெட்டுங்க எடுக்கோணும்?'னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மலை ரயிலுங்கம்மான்னு சொன்னேன். வேற என்னங்க சார் சொல்றது?"

அந்தக் கேள்வியைப் பூங்காவின் பக்கத்தில் சேர்க்க முடியாது. அதனால் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று தடவை சறுக்கினேன். சறுக்கிய தடம் அழியாமல் இருக்கட்டும்.

பனி மூடிய மலைச்சரிவில் ஒரு தாய் தன் மகளைத் தேடி—

(பனி கிடையாது. அவள் போனது மே மாதம். நல்ல வெயில்.)

தேயிலை விலை சரிந்த ஆண்டுகளில் நீலகிரியை விட்டு இறங்கிய குடும்பங்கள்—

(இது செய்தித்தாள். குடும்பங்கள் இறங்கவில்லை, போனில் கேட்ட சாந்தாமணி இறங்கினாள், அவள் புருஷன் மயில்சாமி இறங்கினார்.)

சாந்தாமணியின் மகள் ஷண்முகப்ரியா உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கும் இப்போது சுஜாதாவின் வயதுதான்—

(கிட்டத்தட்டப் பொருந்தத்தான் செய்கிறது. கதைக்குச் சௌகரியமாகப் பொருந்துவதாலேயே இதை விட்டுவிடுகிறேன். சாந்தாமணி ஒருபோதும் அப்படி நினைத்ததாகச் சொல்லவில்லை.)

சுஜாதா கேட்டுச் சொல்ல, சாந்தாமணி சரியென்ற பிறகு நான் திருப்பூர் போனேன். அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் பிசிறு வெட்டுகிறாள். தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கிப் போடும் வேலை. பேசிக்கொண்டிருக்கும்போதும் அவள் கை என் சட்டைக் காலரில் நீட்டியிருந்த நூலைக் கண்டுபிடித்துக் கிள்ளி எறிந்தது. மற்றதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். எனக்குத் தோன்றுவதை அடைப்புக்குறிக்குள் அடைத்துவைக்கிறேன்.

3

கரடிச்சோலை எஸ்டேட்டில் சாந்தாமணி கொழுந்து எடுத்தாள். மயில்சாமிக்கு ஃபாக்டரியில் வேலை. இரண்டு பேருடைய தாத்தாக்களும் பிழைக்க வழி தேடி மேட்டுப்பாளையத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள் ஷண்முகப்ரியா. பழனிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். தொழிலாளர் குடியிருப்பு லைனில் எல்லோருக்கும் பிரியா.

பிறகு தேயிலை விலை விழுந்தது. முதலில் சம்பளம் தள்ளிப்போனது. அடுத்து டிஸ்பென்சரி கம்பவுண்டர் சம்பளமில்லாமல் எத்தனை நாள் இருப்பது என்று ஊருக்குப் போய்விட்டார். அப்புறம் எஸ்டேட் ஜீப்பை விற்றார்கள். கடைசியில் ஒரு நாள் காலை ஃபாக்டரி சங்கு ஊதவில்லை. எடுக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றி, கவாத்து பண்ணாத தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்தது.

அந்த மே மாதம் பிரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. ஜீப் இருந்திருந்தால் கோத்தகிரி ஆஸ்பத்திரி தூரமில்லை. மயில்சாமி தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். பஸ் வருவதற்குள் தோளில் இருந்த கனம் மாறிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவர் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரி வரைக்கும் போனார். டாக்டர் வாயால் சொல்லக் கேட்டார். அதுவரை சாந்தாமணியிடம் அவர் சொல்லவில்லை. "பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன். தூங்குதுன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே லைன் ஜனங்களைப் புதைக்கும் இடம். மயில்சாமி ஓடையில் இறங்கி மூன்று உருண்டைக் கல் எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தார். ஒரு கல் பொருத்தமாக இல்லை என்று மறுபடி இறங்கிப் போய் வேறொன்று கொண்டுவந்தாராம்.

அந்த வருஷக் கடைசியில் திருப்பூர் வந்துவிட்டார்கள்.

(முதல் வரைவில் மயில்சாமியைக் குடிகாரராக்கியிருந்தேன். துக்கத்தில் இருக்கும் புருஷனை எழுதும்போது கை தானாக அந்தப் பக்கம் போகிறது. சாந்தாமணி கேட்டுவிட்டு, "அவரு டீயே ஒரு நேரந்தானுங்க குடிப்பாரு" என்றாள். அடித்துவிட்டேன். குடிக்காத மனிதரின் துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அது அவருடைய வாயில் இருந்தது. பிள்ளை போன பிறகு அந்தப் பெயரை அவர் உச்சரிக்கவே இல்லை. பழனிப் பேச்சு எடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.)

4

ஒவ்வொரு மே மாதமும் சாந்தாமணி மட்டும் மலையேறினாள். மூடிக்கிடந்த எஸ்டேட்டுக்கு நெல்சன் என்பவர் வாட்ச்மேன். கேட்டைத் திறந்துவிடுவார். "சீக்கிரம் வந்துரு அக்கா, காட்டெருமை நிக்கிது" என்பது தவிர எதுவும் பேசமாட்டார். அவள் கல்லைக் கழுவி, பொட்டு வைத்து, பன்ரொட்டி ஒன்றை வைத்துவிட்டு வருவாள். பிரியாவுக்குப் பன் பிடிக்கும்.

நெல்சன் இறந்தார். எஸ்டேட் கைமாறியது. மரங்கள் போயின. ஒரு வருஷம் கேட்டே இடம் மாறியிருந்தது. யானை முகம் வைத்த பெரிய வளைவும் பாட்டுச் சத்தமும். எல்லோரையும் போலச் சீட்டு வாங்கி உள்ளே போனாள். ஏழாம் நம்பர் காட்டுப் பக்கம் நடந்து போக வழியில்லை. தண்டவாளம் போட்டு இருபக்கமும் வேலி. அந்தப் பக்கம் போவது மலை ரயில் ஒன்றுதான்.

"இன்னிக்கு எல்லா டிரிப்பும் ஃபுல்லுங்கம்மா" என்றாள் சுஜாதா. அவர்கள் முதலில் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"நான் உக்காரக்கூட வேண்டாங் கண்ணு. நின்னுக்கிட்டே போறேன்."

"நின்னுட்டுப் போக விடமாட்டாங்கம்மா. முன்னாடியே புக் பண்ணோணும். ஒரு மாசத்துக்கு முன்னாடி."

"ஒரு மாசத்துக்கு முன்னாடியா?"

"ஆமாங்க. காலைல பத்து மணிக்கு ஓப்பன் ஆகும். மே மாசம்னா மத்தியானத்துக்குள்ள தீந்துரும்."

எதற்காக என்று சாந்தாமணி சொல்லவில்லை. பாட்டுச் சத்தத்துக்கு மேல் அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வேலி ஓரம் உட்கார்ந்து ரயில் போவதையும் வருவதையும் பொழுது சாயும்வரை பார்த்தாள். பன்னை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாள்.

5

அடுத்த வருஷம் சித்திரை பிறந்ததும் போனில் சுஜாதாவைக் கூப்பிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். போனில் பாட்டுச் சத்தம் இல்லை, கேட்க முடிந்தது.

கம்பெனியில் வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. செக்கிங் பிரிவில் இருக்கும் மனிஷா என்ற பெண் உதவினாள். குறித்த நாளில் பத்து மணிக்கு வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்ப் பதிவு செய்தாள். வெளியே வரும்போது இரண்டு விரலைக் காட்டினாளாம். இரண்டு இடம் கிடைத்தது என்று அர்த்தம். சாந்தாமணிக்கு அன்றைக்கு முழுக்கக் கத்தரி லேசாக இருந்தது.

இரண்டாவது இடம் மயில்சாமிக்கு. ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னாள்.

"என்ற புள்ளயப் பாக்கறதுக்கு நான் டிக்கெட் எடுக்கோணுமா?" என்றார் அவர்.

"எடுத்தாச்சுங்க."

"வேற யாரயாச்சும் கூட்டிட்டுப் போ."

6

(இந்தப் பகுதியைத்தான் அதிகம் திருத்தினேன். திருத்தத் திருத்த அழகாகிக்கொண்டே போனது. பயந்து பழைய வரைவுக்கே திரும்பிவிட்டேன்.)

ரயிலில் சாந்தாமணியின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. எதிரில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று. அப்பா, அம்மா, மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு ஜன்னல் ஓரம் வேண்டுமாம். "இங்க உக்காத்தி வெக்கட்டுங்களா?" என்று அந்த அம்மா கேட்க, சாந்தாமணி காலை ஒதுக்கி வழி விட்டாள். மயில்சாமியின் இடத்தில் மஞ்சள் கவுன் உட்கார்ந்தது.

"டன்னல் வந்தா எல்லாரும் கத்தோணும், தெரியுமா?" என்றது குழந்தை.

சுரங்கம் வந்தது. இருட்டானது. எல்லோரும் கத்தினார்கள்.

"நீங்களும் கத்துனீங்களா?" என்று கேட்டேன்.

"கத்துனனுங்க. எதுக்குன்னு தெரீல. எல்லாரும் நிறுத்துனதுக்கப்புறம் நான் ஒருத்திதான் கத்திட்டிருந்தேன். வெளிச்சம் வந்திருச்சு. அந்தப் புள்ள என்ற மூஞ்சியவே பாத்துச்சு."

(இங்கே அவள் சிரித்தாள். சிரித்தாள் என்பதை எழுதவா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.)

ரயில் வியூ பாயின்ட்டில் பத்து நிமிஷம் நின்றது. சாந்தாமணி இறங்கினாள். தரையைச் சமமாக்கிச் சிமென்ட் பாவியிருந்தார்கள். சுற்றிலும் நீலப் பூச்செடி. நடுவில் இதய வடிவில் ஒரு பெரிய இரும்பு வளையம், படம் எடுத்துக்கொள்ள. லைன் ஜனங்களின் ஒரு புதைமேடும் இல்லை. அவள் எதிர்மலைப் பாறையைப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது. ஓடை திரும்பும் இடத்தைப் பார்த்தாள், அதுவும் இருந்தது. இரண்டையும் மனசில் கோடு போட்டுச் சேர்த்தாள். வளையம் நிற்கும் இடம். கொஞ்சம் இந்தப் பக்கம், அல்லது கொஞ்சம் அந்தப் பக்கம்.

செருப்பைக் கழற்றினாள். சிமென்ட் சுட்டது.

"அக்கா, எங்கள ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

ஈரோட்டுக்காரர் போனை நீட்டிக்கொண்டிருந்தார். வளையத்துக்குள் குழந்தை ஏறி நின்றது. அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கம்.

இந்த இடத்தில் சாந்தாமணி ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்று கதை கேட்டது. "கண்ணு, கொஞ்சம் தள்ளி நில்லு சாமி, அங்கே ஒரு பாப்பா—" என்று எழுதியும் பார்த்தேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. போனை வாங்கிப் படம் எடுத்தாள். முதல் படத்தில் குழந்தை கண்ணை மூடிவிட்டது என்று இன்னொன்று எடுத்தாள். "நல்லா வந்துருக்குதுங்க" என்று போனைக் கொடுத்தாள். மணி அடித்தது, எல்லோரும் ஏறினார்கள், அவளும் ஏறினாள்.

(சமன் செய்தவர்கள் தெரிந்துதான் செய்தார்களா என்று சுஜாதாவிடம் கேட்டேன். "அப்ப நான் வேலைக்கே வரல சார்" என்றாள். பிறகு, "தெரிஞ்சவங்க யாரும் அப்ப இங்க இல்லியே" என்றாள். அது உண்மை. தெரிந்தவர்கள் எல்லோரும் திருப்பூரில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.)

7

வீட்டுக்கு வந்தவளிடம் மயில்சாமி இரண்டு நாள் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அங்க எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. சுத்தியும் பூச்செடி வெச்சிருக்கறாங்க. தண்ணி ஊத்தறாங்க."

ஒன்றும் பொய்யில்லை.

"கல்லு?"

"இருக்குதுங்க."

அந்த ஒரு சொல்தான். யோசித்துச் சொன்னதில்லை என்கிறாள். அவர் முகம் அப்படி இருந்ததாம். அவர் எழுந்து கை கழுவப் போனார். குழாயடியில் வெகுநேரம் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அதன் பிறகு மனிதர் மாறிவிட்டார். என்ன பூ என்று கேட்டார். நீலம் என்றதும், "நீலமா?" என்று யோசித்தார். நிழல் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு நாள் பக்கத்து வீட்டில் யாரிடமோ, "எங்க புள்ளைக்கு மலைல பூந்தோட்டமே வெச்சிருக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததைச் சாந்தாமணி சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள். ஐப்பசியில் ஒரு மழை நாள். டீக்கடையிலிருந்து இரண்டு பன் வாங்கிவந்து அவள் கையில் கொடுத்து, "பிரியாளுக்கு ரொம்பப் பிடிக்குமே" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து பதினேழு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பாத்திரத்தில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் திரும்பினாளாம்.

பொங்கல் முடிந்ததும் அவர் சொன்னார்: "இந்த வருசம் நானும் வர்றம் புள்ள. போன தடவ மாதிரி முன்னாடியே போட்டு வெச்சிரு. ரெண்டு சீட்டு."

8

கதை இவ்வளவுதான் நடந்திருக்கிறது. மிச்சம் இன்னும் நடக்கவில்லை. இப்போது சித்திரை, நாளைக் காலை பத்து மணிக்கு அவர்கள் போக வேண்டிய நாளுக்கான பதிவு திறக்கிறது.

எழுதுகிறவன் என்ற முறையில் சில முடிவுகளைச் செய்துபார்த்தேன்.

ஒன்று: சீட்டு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். மே மாதம், எல்லோரும் நம்புவார்கள். இதைச் சாந்தாமணியிடமே சொன்னேன். "இந்த வருசத்துக்குச் சொல்லலாங்க. அடுத்த வருசம் என்ன சொல்றது?" என்றாள்.

இன்னொன்று சுஜாதா சொன்னது. பூச்செடிக்கு அடியில் அவளே மூன்று கல்லைக் கொண்டுபோய் வைத்துவிடுவாள், யாருக்கும் தெரியாது. நல்ல மனசு. எனக்குப் பிடித்த முடிவும் அதுதான். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடலாம். சாந்தாமணியிடம் சொன்னேன். "அவரு கையால எடுத்த கல்லுங்க. பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றாள்.

மயில்சாமி அங்கே போய் நிற்கிறார். சிமென்ட்டைப் பார்க்கிறார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்க்கி—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

உண்மையை இப்போதே வீட்டில் வைத்துச் சொல்லிவிடலாம் என்பது ஒன்று மிச்சம். அதுதான் நியாயம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். எனக்கும் எழுதும்போது அப்படித்தான் பட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால் அவர் மறுபடி வாயை மூடிக்கொள்வார். அப்புறம் அந்தப் பெயரைச் சொல்ல அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

நேற்று டீ இடைவேளையில் அவள் என்னைப் போனில் கூப்பிட்டாள். சுற்றிலும் ஆட்கள் பேசும் சத்தம்.

"நாளன்னிக்கி மனிஷா போட்டுத் தர்றேன்னுருக்கறா. நீங்க நாலும் எழுதற ஆளு, உங்களுக்குத் தெரியுமேன்னு கேக்கறேன். ஒண்ணு போடச் சொல்லட்டுங்களா, ரெண்டு போடச் சொல்லட்டுங்களா?"

நான் எல்லா முடிவுகளையும் மனசுக்குள் ஒரு தடவை புரட்டினேன். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கும். உங்களிடம் கேட்டிருக்க மாட்டேன். என்னைச் சங்கடத்திலிருந்து விடுவிப்பது போல அவளே வேறு பேச்சு எடுத்தாள்.

"நேத்து அவரு புதுசா கேன்வாஸ் ஷூ வாங்கிட்டு வந்துட்டாருங்க. மலைல வழுக்குமாம். ரயில்லதான போறம்னேன், கேக்கல. ஊட்டுக்குள்ளயே போட்டு நடந்து பாத்துட்டிருக்கறாரு."

அங்கே மணி அடித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

"வெக்கறனுங்க" என்றாள்.